தெருவில் பையனை நாய் கடித்துவிட்டது. பிள்ளைகளையும் நாய்களையும் சேர்த்துக் காப்பாற்ற வழி உண்டா?

வேப்பமரத்தெரு:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெரு சென்னைப் புறநகரில் ஒரு நகராட்சிக்குள் வருகிறது. ஐம்பது வீடு இருக்கும், பத்துப் பன்னிரண்டு நாய்கள். போன வாரம் பக்கத்து வீட்டுப் பையனை ஒரு நாய் கெண்டைக்காலில் கடித்துவிட்டது. இரண்டாம் வகுப்பு படிக்கிறான். கடித்ததே வீட்டுக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் குளிப்பாட்டும்போது அவன் பாட்டிதான் பல் தடத்தைப் பார்த்திருக்கிறார். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், "அந்தப் பக்கம் விளையாடப் போகாதேன்னு சொன்னீங்க, அடிப்பீங்கன்னு பயந்துட்டேன்" என்கிறான். உடனே அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி ஆரம்பித்தாயிற்று, நன்றாக இருக்கிறான்.

இப்போது தெருதான் நன்றாக இல்லை. வாட்ஸாப் குழுவில் ஒரு பாதி, எல்லா நாயையும் வண்டியில் ஏற்றி எங்காவது விட்டுவிட வேண்டும் என்கிறது. ஒருவர் விஷம் வைப்பது பற்றிக்கூடப் பேசினார். நாய்களுக்குத் தினமும் சோறு வைக்கிற அம்மாவை ஆளாளுக்குத் திட்டுகிறார்கள். அவர் தனியாக இருப்பவர், அழுதுவிட்டார். எனக்கு இரண்டு பக்கமும் மனசு கேட்கவில்லை. பையனும் எங்கள் பிள்ளை, அந்த நாய்களும் குட்டியிலிருந்து பார்த்தவை. சங்கம், பணம், செல்வாக்கு எதுவும் இல்லாத எங்களைப் போன்றவர்கள் உருப்படியாக என்ன செய்யலாம்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

செவிலி:

முதலில் பையன் விஷயம். மற்றதெல்லாம் அப்புறம்.

இரண்டு நாள் தாமதம் ஆனாலும் ஊசி ஆரம்பித்தது நல்லது. நான்கு நாட்களுக்கான அட்டை கொடுத்திருப்பார்கள்: முதல் ஊசி போட்ட நாளைச் சுழியம் என்று வைத்து, 3, 7, 28ஆம் நாட்கள். தோலுக்குள் போடும் முறை இது. தசையில் போட்டால் 14ஆம் நாளும் சேர்ந்து ஐந்து. கடைசி ஊசிக்கு இடையில் மூன்று வாரம் இருப்பதால், புண் ஆறியதும் பலர் அதை விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள் என்று அந்த வீட்டில் சொல்லுங்கள், முடிந்தால் நீங்களே நாள் பார்த்து நினைவுபடுத்துங்கள்.

தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் தடுப்பூசி மட்டும் போதாது. இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தைப் புண்ணைச் சுற்றியே செலுத்த வேண்டும். தடுப்பூசி உடம்பில் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கச் சில நாள் பிடிக்கும், அதுவரை புண்ணில் இருக்கும் வைரஸை இந்த மருந்துதான் தடுத்து நிறுத்துகிறது. முதல் ஊசி போட்டு ஏழு நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், அதற்குமேல் பயனில்லை. பையனுக்குப் போட்டார்களா என்று அட்டையைப் பாருங்கள். போடவில்லை என்றால் நாளை காலையே கேளுங்கள். சிறிய மருத்துவமனையில் இருப்பு இல்லாவிட்டால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லுங்கள்.

கடித்தவுடன் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது, அதற்கு மருத்துவர் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, 15 நிமிடம் கழுவுவது. இந்த வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். துணி துவைக்கிற சோப்பாக இருந்தாலும் சரி. ஆனால் எங்கள் நிலையத்துக்கு வருகிற புண்களில் மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, காப்பித்தூள், மஞ்சள் எல்லாம் பார்க்கிறேன். குழந்தை எரிச்சலில் துடித்துக்கொண்டிருக்கும். அதையெல்லாம் கழுவி எடுக்கவே நேரம் போகும். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை, பாட்டன் காலத்திலிருந்து வருகிறது. ஆனால் நிறுத்த வேண்டும்.

மூணாவது வார்டு:

நான் அந்த வாட்ஸாப் குழுவின் முதல் பாதி மாதிரி ஆள். மறைக்காமல் சொல்கிறேன். என் மகளுக்கு ஆறு வயது. ட்யூஷன் விட்டு வரும்போது ஐந்தாறு நாய்கள் துரத்தி, கீழே விழுந்து, தாடையில் தையல். இப்போதும் தெருவில் நாய் குரைத்தால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிறாள். தடுப்பூசி போட்ட நாய் கடித்தாலும் கடி கடிதானே? 2024இல் தமிழ்நாட்டில் 4.8 லட்சம் நாய்க்கடிகள், 43 பேர் ரேபிஸில் சாவு. குழந்தைக்கா நாய்க்கா என்று வந்தால் எனக்குக் குழந்தைதான். இதைச் சொன்னால் இரக்கமில்லாதவன் என்கிறார்கள்.

பிஸ்கட் அண்ணன்:

யாரும் உங்களை அப்படிச் சொல்லக் கூடாது. பிள்ளை பயந்து நிற்கிறபோது அப்பாவுக்கு வேறென்ன தோன்றும்.

நான் நாய்களுக்குச் சாப்பாடு வைக்கிறவன். பல வருடமாகச் செய்கிறேன். என் அனுபவத்தில், நாய்களை ஏற்றிக்கொண்டு போய் வேறிடத்தில் விட்டால் தெரு காலியாக இருப்பதில்லை. குப்பையும் கோழிக்கழிவும் அங்கேயே கிடக்கிறது. பக்கத்துத் தெரு நாய்கள் இடம் பிடிக்க வருகின்றன. வருகிறவற்றுக்குக் கருத்தடை ஆகியிருக்காது, தடுப்பூசி இருக்காது, தெரு ஆட்களைத் தெரியாது. இடத்துக்காக ஒன்றையொன்று கடித்துக் குதறும். நடுவில் மாட்டுவது பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். பழகின பத்து நாயை அனுப்பிவிட்டுப் பழகாத பத்து நாயைக் கூப்பிடுகிற காரியம் அது.

அக்கா, உங்கள் தெருவில் எல்லோரும் திட்டுகிற அந்த அம்மாதான் இந்த வேலைக்கு மிக முக்கியமான ஆள். எந்த நாய் எங்கே படுக்கும், எது குட்டி போட்டிருக்கிறது, எது மூன்று நாளாகச் சாப்பிடவில்லை என்று அவருக்குத்தான் தெரியும். அவர் கூப்பிட்டால்தான் வரும், அவர் தொட்டால்தான் நிற்கும். நகராட்சி வண்டிச் சத்தம் கேட்டதும் நாய்கள் காணாமல் போய்விடும். நானே பிடித்து உட்கார வைத்தால் கால்நடை மருத்துவர் ஒரு நிமிடத்தில் ஊசி போட்டுவிட்டு அடுத்த நாய்க்குப் போவார். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டை நிறுத்திவிட வேண்டும். காலையில் பசியோடு தானாக வரும்.

கால்நடை மருத்துவன்:

பிஸ்கட் அண்ணன் சொல்வது என் தொழில் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது. கூடவே கொஞ்சம் கணக்கும் சொல்கிறேன்.

ஒரு பகுதியில் இருக்கிற நாய்களில் 70 விழுக்காட்டுக்கு ஊசி போட்டுவிட்டால் ரேபிஸ் ஒரு நாயிடமிருந்து இன்னொரு நாய்க்குப் பரவுகிற சங்கிலி அறுந்துவிடும். நூறு விழுக்காடு தேவையில்லை. ஆனால் ஒவ்வொரு வருடமும் போட வேண்டும். தெருநாயின் ஆயுள் குறைவு, வருடா வருடம் பழையவை செத்துப் புதுக்குட்டிகள் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த வருடம் 70 தொட்டுவிட்டு அடுத்த வருடம் சும்மா இருந்தால் பாதுகாப்பு கரைந்துவிடும்.

மனிதருக்கு வருகிற ரேபிஸில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நாய் வழியாக வருவது. சந்தேகத்துக்குரிய நாயிடம் கடிபடுகிறவர்களில் ஏறக்குறைய 40 விழுக்காடு 15 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. காரணம் தெரிந்ததுதான். பிள்ளைகள் தெருவில் விளையாடுகிறார்கள், ஓடுகிறார்கள், குட்டியைத் தூக்குகிறார்கள். உயரமும் குறைவு, கடி முகத்திலும் தலையிலும் விழுகிறது. அங்கிருந்து மூளை பக்கம், வைரஸுக்குப் பயண தூரம் குறைவு. அறிகுறி வந்த பிறகு ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. ஆகவே ஒரு நாய்க்குப் போடுகிற ஒரு ஊசி, அந்தத் தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போடுகிற ஊசி. நாய்ப் பிரியர் ஒரு பக்கம், பிள்ளை பெற்றவர் ஒரு பக்கம் என்று பிரிந்து நிற்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. இரண்டு பேரும் கேட்க வேண்டியது ஒரே பொருளைத்தான்.

மூணாவது வார்டு ஐயா கேட்ட கேள்வி நியாயம். தடுப்பூசி கடியை நிறுத்தாது, சாவை நிறுத்தும். கடியைக் குறைக்க வேறு வேலைகள் இருக்கின்றன. குட்டி போட்ட தாய் நாய்தான் அதிகம் பாய்கிறது. பருவத்தில் ஒரு பெட்டைக்குப் பின்னால் ஆறேழு கடுவன் சேர்ந்து திரியும்போதுதான் கூட்டமாகத் துரத்துகின்றன. கருத்தடை இரண்டையும் குறைக்கிறது. 2023ஆம் ஆண்டு விதிகளின்படி அது உள்ளாட்சியின் பொறுப்பு. பிடித்து, அறுவை செய்து, ஊசி போட்டு, காதில் அடையாள வெட்டு வைத்து, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். காது வெட்டு இல்லாத நாய்களை எண்ணிப் பார்த்தாலே உங்கள் தெருவில் எவ்வளவு வேலை பாக்கி என்று தெரிந்துவிடும்.

பழைய மதராஸ்:

எனக்கு வயது எழுபதுக்கு மேல். சிறுவனாக இருந்தபோது தெருவில் மாநகராட்சி நாய் வண்டி வந்தால் வீட்டு நாயை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவோம். பிடித்துக்கொண்டு போனவை திரும்பி வரா. தலைமுறை தலைமுறையாகக் கொன்றார்கள், நாய் குறையவில்லை, நோயும் குறையவில்லை. சென்னையில் இருக்கிற ப்ளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1964இலேயே கருத்தடைதான் வழி என்று சொன்னது. மாநகராட்சி அதை ஏற்றுக்கொள்ள 1996 ஆகிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வாதத்தைத் தளராமல் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அதை நினைத்துப் பார்க்கிறேன்.

ஊசி பற்றியும் ஒன்று. எங்கள் காலத்தில் நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையில் செய்த மருந்து. வலி ஒரு பக்கம், சிலருக்கு அந்த மருந்தே நரம்பைப் பாதிக்கும். ஊசிக்குப் பயந்தே பிள்ளைகள் கடியை மறைப்போம், பெரியவர்களும் நாட்டு வைத்தியரிடம் வேர் வாங்கிக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடுவார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனம் 1907இல் வந்தது. அதற்கு முன் கடிபட்டவர்களை வடக்கே இமயமலைப் பக்கம் கசௌலி வரை ரயிலில் அனுப்ப வேண்டும். அந்த மூளை மருந்து நம் நாட்டில் 2004 கடைசியோடு நின்றது. இப்போது தோளில் சின்ன ஊசி, அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே இலவசம். ஆனால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு என்ற பயம் மட்டும் இன்னும் ஊரில் சுற்றிக்கொண்டிருக்கிறது. பாட்டி தாத்தாக்களிடம் யாராவது உட்கார்ந்து எடுத்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளோடு பகலில் வீட்டில் இருப்பவர்கள் அவர்கள்தானே.

கரும்பலகை:

அரசுத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. வேப்பமரத்தெரு அக்கா எழுதியதில் என்னை உலுக்கியது, பையன் மறைத்தான் என்ற ஒரு வரி.

இரண்டு வருடம் முன்பு என் வகுப்பில், "யாரையெல்லாம் நாய் கடிச்சிருக்கு, பூனை பிறாண்டியிருக்கு? யாரையும் திட்ட மாட்டேன்" என்று கேட்டேன். கைகள் எழும்பிக்கொண்டே இருந்தன. அதில் சிலர் வீட்டில் சொன்னதே இல்லை. ஒருத்தி கையைப் பாதி தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டாள். அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினால், நான்கு நாள் முன்புதான் குட்டி நாய் கடித்திருக்கிறது. குட்டிதானே என்று விட்டுவிட்டாளாம். அன்றே அம்மாவை வரச் சொல்லி ஊசிக்கு அனுப்பினோம்.

அதிலிருந்து எங்கள் பள்ளியில் ஒரு வழக்கம். நாய், பூனை, குரங்கு எது கடித்தாலும் பிறாண்டினாலும் முதலில் குழாய், சோப்பு. அப்புறம் பெரியவர் யாரிடமாவது சொல்வது. சொன்னால் திட்டு கிடையாது, அடி கிடையாது. இதைப் பெற்றோர் கூட்டத்திலும் வாக்குறுதியாக வாங்கிக்கொள்கிறோம். "எங்கே போய்க் கடி வாங்கிட்டு வந்தே" என்ற முதல் கேள்வியை விட்டுவிடுங்கள் என்று கெஞ்சியே கேட்கிறேன். அந்தக் கேள்வி ஒரு பிள்ளையின் வாயை அடைத்துவிடும்.

நாயிடம் நடந்துகொள்வதையும் விளையாட்டாகவே சொல்லித் தருகிறோம். துரத்தினால் ஓடாதே, மரம் மாதிரி கையை மடக்கி நில், கண்ணை உற்றுப் பார்க்காதே. விழுந்துவிட்டால் கல் மாதிரி சுருண்டு, கழுத்தையும் காதையும் கையால் மூடிக்கொள். தின்னும்போதும் தூங்கும்போதும் குட்டியோடு இருக்கும்போதும் கிட்டே போகாதே. மதிய இடைவேளையில் பிள்ளைகளே மரமும் கல்லுமாக விளையாடுகிறார்கள். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினம், ரேபிஸ் தடுப்பூசியைக் கண்டுபிடித்த லூயி பாஸ்டர் இறந்த நாள். அதை ஒட்டிச் செய்தால் மற்றப் பள்ளிகளும் சேர்ந்துகொள்ளும். 1885இல் அவருடைய மருந்தை முதலில் வாங்கிக்கொண்டவன் ஒன்பது வயதுப் பையன் என்று கதையாகச் சொன்னால் வகுப்பே அமைதியாகிவிடும்.

பனைநிலம்:

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இங்கே 1973இல் நாடு முழுவதும் 377 பேர் விசர்நாய்க்கடியால் (ரேபிஸ்) இறந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அது பத்தில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. நாய்களைக் கொல்வதை அரசு 2006இல் கைவிட்டது, அதற்குப் பிறகும் எண்ணிக்கை இறங்கத்தான் செய்தது. தடுப்பூசி போடும் நாளில் பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) ஊருக்குள் வந்து ஒரு சந்தியில் நிற்பார். ஒலிபெருக்கியில் முதல் நாளே அறிவிப்பார்கள். சனம் நாயைச் சங்கிலியிலும் கயிற்றிலும் கட்டிக்கொண்டு வரும். சின்னப் பெடியள் தங்கள் வீட்டு நாயோடு சேர்த்து ஒழுங்கையில் நிற்கிற நாயையும் கூட்டிக்கொண்டு வருவார்கள். நாய் பிடிபடுவது பெரும்பாலும் அந்தப் பெடியளால்தான். ஆனால் கடிக்கக்கூடிய, பழகாத நாயைச் சிறுவர் தொடக் கூடாது, அதைப் பெரியவர்கள் கவனிக்க வேண்டும்.

மாண்டவி:

நான் வேலைக்காகக் கோவாவில் இருக்கிற தமிழன். இங்கே நடந்ததைச் சொன்னால் உங்களுக்கு நம்பிக்கை வரும் என்று எழுதுகிறேன்.

மிஷன் ரேபிஸ் என்ற அமைப்பும் கோவா அரசும் சேர்ந்து ஒவ்வொரு வருடமும் ஊர் ஊராகப் போய் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். ஊசி போட்ட ஒவ்வொரு நாயும் கைப்பேசிச் செயலியில், எந்த இடத்தில் என்ற குறிப்போடு பதிவாகும். அன்றைக்கு ஊசி போட்டதற்கு நாயின் மேல் சாயக்கோடு. மறுநாள் இன்னொருவர் அதே தெருவில் நடந்து, கோடு உள்ளது எத்தனை, இல்லாதது எத்தனை என்று எண்ணுவார். 70 வரவில்லையென்றால் குழு திரும்பவும் அதே தெருவுக்கு வரும். இந்தத் திரும்பி வருதல்தான் வித்தியாசம். முகாம் நடத்திப் படம் எடுத்துவிட்டுப் போவது இல்லை. கூடவே பள்ளிகளில் பாடம், ரேபிஸ் சந்தேக நாயைச் சொல்ல ஒரு தொலைபேசி எண். நாய்களில் ரேபிஸ் 92 விழுக்காடு குறைந்தது. 2018, 2019இல் ஒரு மனிதச் சாவும் பதிவாகவில்லை. 2021இல் கோவாவை ரேபிஸ் கட்டுப்பாட்டுப் பகுதி என்று அரசு அறிவித்தது.

சுற்றுலாக்காரர் நிறைந்த கடற்கரை, மீன் சந்தை, நிறையக் குப்பை, நிறைய நாய். நம் ஊருக்கு ஒன்றும் குறையாத நிலைமைதான். இங்கே செய்ய முடிந்தது.

மூணாவது வார்டு:

எல்லோரும் பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. கோவா விஷயம் எனக்குப் புதிது. ஆனால் என் மகளைத் துரத்திய கூட்டம் இருக்கிற இடம் கோழிக்கடைக்குப் பக்கத்துச் சந்து. இரவு பத்து மணிக்குக் கழிவு மூட்டையைச் சந்து முனையில் போடுவார்கள். விடிகிற வரை அங்கே நாய்கள் சண்டை. நீங்கள் நூறு ஊசி போட்டாலும் அந்தச் சந்து அப்படியேதான் இருக்கும். உச்ச நீதிமன்றம்கூட 2025 ஆகஸ்டில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது என்றுதானே சொன்னது?

பிஸ்கட் அண்ணன்:

சரியாகப் பிடித்தீர்கள். நாங்கள் வைக்கிற சோற்றைவிட அந்த மூட்டை பெரியது. நாய் பற்றிப் பேசுகிறவர்கள் கோழிக்கடைக்காரரிடம் பேச மறந்துவிடுகிறோம். அவரும் பிழைப்பு நடத்துகிறவர், சண்டைக்குப் போனால் காரியம் நடக்காது. எங்கள் பகுதியில் இரண்டு கடைக்காரரும் நாங்களும் நகராட்சிச் சுகாதார ஆய்வாளரைப் போய்ப் பார்த்து, கழிவை மூடி போட்ட பீப்பாயில் வைத்து, எடுக்கிற வண்டியிடம் நேரடியாகக் கொடுக்கிற ஏற்பாடு செய்தோம். அந்தச் சந்தில் இரவுக் கூட்டம் கலைந்தது. நாய்கள் போய்விடவில்லை, ஆனால் இரண்டு மூன்றாகச் சிதறிவிட்டன. கூட்டம் இல்லாத நாய்க்குத் துரத்துகிற துணிச்சல் குறைவு.

ஆகஸ்ட் 22 உத்தரவைப் பற்றி: முதலில் ஆகஸ்ட் 11இல் டெல்லி நாய்களையெல்லாம் காப்பகத்துக்குக் கொண்டு போகச் சொன்னதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் போட்டு அதே இடத்தில் விடச் சொன்னார்கள். ரேபிஸ் உள்ளதும் ரேபிஸ் சந்தேகம் உள்ளதும் மூர்க்கமானதும் விதிவிலக்கு. உணவுக்கென்று ஒதுக்கிய இடத்தில்தான் வைக்க வேண்டும் என்றார்கள். அது நியாயம்தான். 2023 விதியிலேயே குழந்தைகள் விளையாடும் இடம், மாடிப்படி, வாசல் பக்கம் வேண்டாம், பிள்ளைகளும் முதியவர்களும் நடமாடாத நேரமாகப் பாருங்கள் என்று இருக்கிறது. நான் விடியற்காலை ஐந்து மணிக்கு, டிரான்ஸ்பார்மர் பின்னால் வைக்கிறேன். பள்ளி வேன் வருகிற நேரத்துக்குள் நாய்கள் சாப்பிட்டுப் படுத்துவிடும்.

அப்புறம் ஒன்று. ஐயா, உங்கள் மகளுக்கு அந்தப் பயம் போக வேண்டும். கட்டாயப்படுத்தி நாயைத் தொட வைக்காதீர்கள். கரும்பலகை டீச்சர் சொன்ன மரம் விளையாட்டை வீட்டு முற்றத்தில் நீங்களும் சேர்ந்து விளையாடிப் பாருங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குத் தைரியம் வரும்.

செவிலி:

இன்னொன்று, நாய் பிடிக்க உதவப் போகிறவர்களுக்கு. முன்கூட்டியே போட்டுக்கொள்கிற ரேபிஸ் தடுப்பூசி இருக்கிறது. தினமும் நாய்களைக் கையாள்கிறவர்கள் கட்டாயம் போட்டுக்கொள்ளுங்கள். அந்த அம்மாவுக்கும் போட வையுங்கள். போட்டிருந்தாலும் கடிபட்டால் கழுவிவிட்டு மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும், ஊசி எண்ணிக்கைதான் குறையும்.

கடித்த நாயைத் தயவுசெய்து அடித்துக் கொல்லாதீர்கள். அது உயிரோடு கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் எங்களுக்கும் உதவி. பத்து நாள் கழித்தும் அந்த நாய் நலமாக இருந்தால், கடித்த நேரத்தில் அதன் எச்சிலில் ரேபிஸ் இல்லை என்று பொருள். ஆனால் பத்து நாள் பார்த்துவிட்டு ஊசி போடலாம் என்று காத்திருக்கக் கூடாது. ஊசி இன்றே, பார்ப்பது கூடவே.

வேப்பமரத்தெரு:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

பையனுக்கு இம்யூனோகுளோபுலின் முதல் நாளே போட்டிருக்கிறார்கள், அட்டையில் இருக்கிறது. 28ஆம் நாளைக் காலண்டரில் வட்டமிட்டு அவர்கள் வீட்டிலும் எங்கள் வீட்டிலும் மாட்டிவிட்டோம். கடித்த நாய் எதுவென்று பையனே காட்டினான். மூன்றாம் வீட்டுப் படிக்கட்டுக்கு அடியில் குட்டி போட்டிருக்கிற பெட்டை. பந்து அங்கே உருண்டிருக்கிறது, எடுக்கக் கிட்டே போயிருக்கிறான். நாய் நன்றாகச் சாப்பிடுகிறது, சோறு வைக்கிற அம்மா தினமும் பார்த்து எனக்குச் செய்தி அனுப்புகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை வேப்பமரத்தடியில் கூடினோம். விஷம் என்று பேசியவரும் வந்தார். அவரிடம் யாரும் கோபமாகப் பேசவில்லை. விலங்கைக் கொன்றாலோ ஊனப்படுத்தினாலோ பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை என்று ஒருவர் சொன்னார். அதைவிட, விஷம் வைத்த உருண்டையை ஒரு குழந்தை எடுத்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்று பையனின் பாட்டி கேட்டதுதான் அவரை நிறுத்தியது. அவருக்கும் பேத்தி இருக்கிறாள். படிக்கட்டைச் சுற்றி அட்டை வைத்து மறைத்தவரே அவர்தான்.

நாய்களுக்கெல்லாம் பட்டியல் போட்டோம். படம், நிறம், ஆணா பெண்ணா, காது வெட்டு உண்டா. பன்னிரண்டில் நான்குக்குத்தான் வெட்டு. நகராட்சியில் கூட்டாகக் கையெழுத்திட்டு மனு கொடுத்திருக்கிறோம். ஒருவர் போனால் பதில் வராது, சோறு வைக்கிறவரும் பிள்ளை கடிபட்ட வீட்டாரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்து அதிகாரியே நிமிர்ந்து பார்த்தார். அடுத்த வாரம் ஊசிக்குக் கால்நடை மருத்துவரை அனுப்புவதாகத் தேதி கொடுத்திருக்கிறார்கள். கருத்தடைக்கு வரிசை இருக்கிறதாம், எங்கள் தெருவைச் சேர்த்திருக்கிறார்கள்.

ஒரு சந்தேகம். தாய் நாய்க்கும் ஊசி போடலாமா? குட்டிகளுக்கு? அப்புறம் ஒரு செம்பட்டை நாய் இருக்கிறது, அந்த அம்மாவிடம்கூட வராது. ஆள் பத்தடி நெருங்கினால் ஓடிவிடும். அதை என்ன செய்வது?

கால்நடை மருத்துவன்:

பால் கொடுக்கிற தாய்க்கு ரேபிஸ் ஊசி போடலாம், தடையில்லை. குட்டிகளை விட்டுப் பிரிக்காமல், அந்த அம்மா பக்கத்தில் இருக்கும்போது போடச் சொல்லுங்கள். குட்டிகளுக்கு வழக்கமாக மூன்று மாதம் ஆனதும். கருத்தடை, குட்டிகள் பால் மறந்த பிறகு. குட்டிகளுக்கு ஆறேழு வாரமானதும் தத்து கேட்டுப் பாருங்கள், தெருவில் நிற்கிற எண்ணிக்கை அங்கேயே குறையும். ஊசி போட்டதும் அன்றைக்கே பாதுகாப்பு வந்துவிடாது, ஏறக்குறைய மூன்று நான்கு வாரம் ஆகும் என்று தெருவில் சொல்லிவையுங்கள்.

மாண்டவி:

அந்தச் செம்பட்டை மாதிரி நாய்களை விட்டுவிட்டுத்தான் பல ஊர்களில் கணக்கு 70 தொடாமல் போகிறது. கையில் வருகிறவற்றுக்கே வருடா வருடம் ஊசி விழும், கூச்ச நாய்கள் ஊசி பார்க்காமலே இருக்கும். அதற்கு வலை வேண்டும். நீளக் கைப்பிடியுள்ள வலையோடு பயிற்சி பெற்ற ஆட்கள், இரண்டு பக்கமும் அடைத்துப் பிடித்து, வலைக்குள்ளேயே ஊசி போட்டு, சாயக்கோடு இழுத்து விட்டுவிடுவார்கள். ஒரு நிமிட வேலை. சுருக்குக் கயிறு, இடுக்கி எதுவும் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள். மனுவோடு, "வலை பிடிப்பவர் தேவை, ஒரு நாய்" என்று தனியாக எழுதிக் கொடுங்கள். அந்த நாய் காலையில் படுக்கிற இடத்தையும் நேரத்தையும் அந்த அம்மா குறித்துவைக்கட்டும். தெரு ஆட்கள் அதைத் துரத்திப் பிடிக்க முயல வேண்டாம், ஒரு தடவை மிரண்டால் மாதக்கணக்கில் வராது.

மூணாவது வார்டு:

வேப்பமரத்தெரு அக்கா, அந்தப் பட்டியல் எந்த மாதிரி போட்டீர்கள் என்று ஒரு படம் அனுப்ப முடியுமா? பெயர்கள், வீட்டு எண்களை மறைத்துவிட்டு அனுப்புங்கள். எங்கள் சந்துக்கும் போட வேண்டும். கோழிக்கடைக்காரரிடம் இன்று மாலை நானே போய்ப் பேசுகிறேன்.